நார்ஸ் புராணத்தின் சிறு பாத்திரங்களைத் தேடிப் போகிறவர்களுக்கு: ஏடு, செலவு, நாள்கணக்கு

பழைய ஸ்காண்டிநேவியாவின் நார்ஸ் புராணத்தில் பெரிய தேவர்களான ஓடினையும் தோரையும் தெரிந்துகொள்ள யாருடைய உதவியும் தேவையில்லை. அவர்கள் தாமாகவே வந்து முன்னால் நிற்பார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்களுக்காக. கணவன் லோகியின் முகத்தில் விஷம் விழாமல் கிண்ணம் ஏந்தி உட்கார்ந்திருக்கும் சிகின், ஏர் பூட்டி நிலத்தையே பெயர்த்து இழுத்துப்போன கெஃப்யுன், உலக மரத்தில் ஏறி இறங்கும் அணில் ரட்டடோஸ்கர், தேவர்களின் எச்சிலிலிருந்து பிறந்த அறிஞன் க்வாசிர். மூல நூல்களில் இவர்களில் பலருக்குக் கிடைத்தது சில வரிகள்தான். ஆனால் கப்பல், ஹெலிகாப்டர், எண்ணெய் வயல், சனிக்கோளின் நிலவு, தெருப்பலகை என்று இன்றைக்கு எங்கெங்கோ அவர்கள் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இவர்களைத் தேடத் தொடங்கியபோது எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் வீணாயிற்று. கதையைத் திருப்பிச் சொல்லும் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கினேன். அவற்றில் உள்ளதெல்லாம் பழம்பாடலில் இருப்பது என்று நம்பிக் குறிப்பெடுத்தேன். பிறகு மூலத்தைத் திறந்தபோது பாதிக் குறிப்புகளை அடிக்க வேண்டியிருந்தது. பயணத்திலும் அப்படித்தான். பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பி, ஏடு இல்லாத கட்டடத்தின் வாசலில் போய் நின்றேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக, நான் எந்த வரிசையில் செய்திருக்க வேண்டுமோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

1. ஒரே ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள்

மொத்தப் புராணத்தையும் படித்துவிட்டுச் சிறு பாத்திரங்களுக்கு வரலாம் என்று நினைக்காதீர்கள். பெயர்க் காட்டில் வழி தப்பிவிடும். "வோலுஸ்பா" என்ற பாடலில் மட்டும் குள்ளர்களின் பெயர்கள் செய்யுள் செய்யுளாக அடுக்கி வருகின்றன. பலருக்குப் பெயரைத் தவிர வேறு கதையே கிடையாது.

ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்து, அவர் வரும் இடங்களை எல்லாம் தீர்த்துவிட்டு அடுத்தவரிடம் போங்கள். முதல் ஆளாக நான் சிகினைத்தான் சொல்வேன். அவள் வரும் இடங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஒரு வார மாலைகளில் அத்தனையையும் படித்து முடிக்கலாம். அவளுடைய தடமோ பத்தாம் நூற்றாண்டுக் கல்லிலிருந்து அணுக்கழிவுக் கப்பல் வரை நீள்கிறது.

2. மூல நூல்களை இலவசமாக எடுங்கள்

இந்தப் படிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. நான் செலவழித்தேன், நீங்கள் செலவழிக்க வேண்டாம்.

தேவையானவை இரண்டு. ஒன்று செய்யுள் எட்டா, அதாவது ஆசிரியர் பெயர் தெரியாத பழம்பாடல்களின் தொகுப்பு. மற்றது உரைநடை எட்டா, ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1220 வாக்கில் கவிஞர்களுக்காக எழுதிய கையேடு. செய்யுள் எட்டாவுக்கு பெல்லோஸின் 1923 ஆங்கில மொழிபெயர்ப்பும், உரைநடை எட்டாவுக்கு புரோடரின் 1916 மொழிபெயர்ப்பும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நடை பழையது, சில இடங்களில் இறுகியிருக்கும், ஆனால் தொடங்கப் போதும்.

அதைவிட நல்லது ஒன்று உண்டு. லண்டனில் இயங்கும் வைக்கிங் சொசைட்டி தன் வெளியீடுகளில் பெரும்பகுதியைப் பிடிஎஃப் கோப்புகளாகத் தன் தளத்தில் திறந்து வைத்திருக்கிறது. ஆந்தணி ஃபோக்ஸ் செய்த உரைநடை எட்டா மொழிபெயர்ப்பு அங்கே இருக்கிறது. அதன் கடைசியில் உள்ள பெயர் அகராதியிலிருந்து தொடங்குங்கள். உங்கள் ஆளின் பெயரைப் பார்த்து, பக்க எண்களைக் குறித்துக்கொண்டு, அந்தப் பக்கங்களுக்கு மட்டும் போங்கள். இது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

பழைய நார்ஸ் மூலத்தையே பார்க்க விரும்பினால் ஹெய்ம்ஸ்கிரிங்க்லா என்ற நார்வேத் தளத்தில் பாடல்கள் வரிசையாக உள்ளன. ஏடுகளின் படங்கள் ஐஸ்லாந்தின் ஹாண்ட்ரித் தளத்தில் உள்ளன, பக்கம் பக்கமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அங்கே 17ஆம் நூற்றாண்டு ஏடான ஏஎம் 738-ஐத் திறந்து பாருங்கள். உலக மரமும் அதில் ரட்டடோஸ்கரும் கையால் வரையப்பட்டிருக்கும். அந்த ஒரு படத்தைப் பார்த்தால் அணில் உங்களை விடாது.

நேரம்: செய்யுள் எட்டாவிலுள்ள "க்ரிம்னிஸ்மால்" பாடலை ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம். "லோகசென்னா"வும் அப்படித்தான். ஸ்னோரியின் முதல் பகுதியான "கில்ஃபகின்னிங்" இரண்டு மூன்று மாலைகளைக் கேட்கும். சிறு பாத்திரங்களில் பெரும்பாலோர் இந்த மூன்றிலேயே கிடைத்துவிடுவார்கள். க்வாசிருக்கு மட்டும் ஸ்னோரியின் அடுத்த பகுதியான "ஸ்கால்ட்ஸ்கபர்மால்" வேண்டும்.

3. பெயரை எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று முதலிலேயே பட்டியலிடுங்கள்

தேடல் பெட்டியில் ஒரு பெயரைத் தட்டி, ஒன்றும் வரவில்லை என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். நானும் ஹோத் விஷயத்தில் அப்படி விட்டேன். ஓடினின் மகன் பால்டரை அறியாமல் கொன்ற பார்வையற்ற சகோதரன் அவன். ஹோத், ஹோதர், ஹோடர், ஹோடுர் என்று நூலுக்கு ஒரு விதமாக எழுதியிருப்பார்கள்.

காரணங்கள் இரண்டு. நார்ஸ் பெயர்களில் எழுவாய் உருவத்தின் முடிவில் ஒரு "ர்" ஒட்டிக்கொள்ளும். சிலர் அதை வைத்து எழுதுவார்கள், சிலர் கழற்றிவிடுவார்கள். அடுத்தது, "தார்ன்", "எத்" என்ற இரண்டு ஐஸ்லாந்து எழுத்துகள் ஆங்கிலத்தில் பலவிதமாக மாறும். ஆகவே குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், பழைய நார்ஸ் வடிவம், இன்றைய ஐஸ்லாந்து வடிவம், டேனிஷ் வடிவம், ஆங்கில வடிவம் என்று நான்கையும் எழுதுங்கள். கடைசிப் படிகளில் தெருப்பலகையைத் தேடும்போது இந்தப் பக்கம்தான் கைகொடுக்கும்.

4. குறிப்பேட்டில் மூன்று பத்திகள் போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பக்கம், பக்கத்தில் மூன்று பத்திகள். முதல் பத்தியில் பழஞ்செய்யுள் சொல்வது. இரண்டாவதில் ஸ்னோரி சொல்வது. மூன்றாவதில் பிற்காலத்தார் சேர்த்தது. எந்தச் செய்தியையும் எந்தப் பத்தி என்று முடிவுசெய்யாமல் எழுதக்கூடாது.

ஏன் இவ்வளவு கறார் என்பதற்கு அணிலே சாட்சி. ரட்டடோஸ்கரை எல்லோரும் கோள்மூட்டி என்கிறார்கள். மர உச்சியிலுள்ள கழுகுக்கும் வேரிலுள்ள நித்ஹோக் பாம்புக்கும் நடுவில் பகை வளர்ப்பவன் என்று நானும் எழுதி, "பழம்பாடலில் உள்ளது" என்று பக்கத்தில் குறித்தேன். க்ரிம்னிஸ்மாலின் 32ஆம் செய்யுளைப் பிரித்துப் பார்த்தால், அவன் மரத்தில் ஓடுகிறான், கழுகின் சொற்களை மேலிருந்து கீழே கொண்டுவந்து பாம்பிடம் சொல்கிறான், அவ்வளவுதான். அது பொறாமைப் பேச்சு, இரு பக்கமும் போகும் பேச்சு என்பது ஸ்னோரியின் வாக்கு. கோள்மூட்டி அணில் இரண்டாவது பத்தியைச் சேர்ந்தவன். இன்றைய விளையாட்டுகளிலும் படக்கதைகளிலும் அவன் பேசும் வசவுகள் எல்லாம் மூன்றாவது பத்தி.

உலகின் முதல் பசுவான ஔதும்லாவைப் பாருங்கள். பனிக்கட்டியை நக்கி, அதற்குள்ளிருந்து தேவர்களின் மூதாதையை வெளியே கொண்டுவந்தவள். அவளுடைய கதை ஸ்னோரியிடம் மட்டும்தான் இருக்கிறது. முதல் பத்தி காலி. காலியாக இருந்தால் காலியாகவே விடுங்கள். அதை நிரப்ப வேண்டும் என்ற ஆசைதான் பல கட்டுரைகளைக் கெடுத்திருக்கிறது.

இனி சிகினின் பக்கம். முதல் பத்தியில் வோலுஸ்பா: தேவர்கள் கட்டிப்போட்ட தந்திரக்காரன் லோகியின் அருகே சிகின் உட்கார்ந்திருக்கிறாள், கணவனை நினைத்து அவளுக்கு மகிழ்ச்சியில்லை. விஷமும் இல்லை, கிண்ணமும் இல்லை. அதே பத்தியில் "ஹௌஸ்ட்லோங்" என்ற அவைக்கவிஞரின் பாடல்: லோகியைச் சிகினின் கைகளுக்குச் சுமை என்று அழைக்கிறது. காதலி அணைத்திருப்பவன் என்பது அதன் பொருள். கிண்ணமோ லோகசென்னாவின் முடிவில் ஒட்டியிருக்கும் உரைநடைக் குறிப்பிலும் ஸ்னோரியிடமும் வருகிறது. ஸ்காதி என்ற அரக்கி லோகியின் தலைக்கு மேல் ஒரு பாம்பைக் கட்டுகிறாள். சொட்டும் விஷத்தைச் சிகின் கிண்ணத்தில் ஏந்துகிறாள். கிண்ணம் நிறைந்து அவள் கொட்டப் போகும் நேரத்தில் விஷம் லோகியின் மேல் விழ, அவன் துடிக்கும் துடிப்பே நிலநடுக்கம். அவனைக் கட்டியிருப்பது அவர்களுடைய மகனின் குடல்.

மகனை இழந்த தாய், அந்த இழப்புக்குக் காரணமானவனுக்கே கிண்ணம் ஏந்துகிறாள். அவள் என்ன நினைத்தாள், ஏன் எழுந்து போகவில்லை என்று எந்த நூலும் சொல்லவில்லை. அவள் வாய் திறந்து ஒரு சொல்லும் பேசுவதில்லை. இன்றைய கதைகளில் அவள் நீளமாகப் பேசுகிறாள். அவை எல்லாம் மூன்றாவது பத்திக்குப் போக வேண்டும். அதில் தவறொன்றுமில்லை, பத்தி மாறாமல் இருந்தால் போதும். ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள வின்ஙேயின் 1863ஆம் ஆண்டு ஓவியமும் இந்தப் பத்தியில்தான் வரும். கிண்ணத்தை உயர்த்திப் பிடித்து நிற்கும் சிகினை இன்றைக்கு நாம் மனத்தில் காண்பதற்கு இப்படிப்பட்ட ஓவியங்களும் ஒரு காரணம்.

5. கண்ணிகள் நான்கு

முதலாவது, ஏட்டிலேயே இல்லாத தெய்வம். ஆஸ்ட்ரில்ட் என்ற காதல் தேவனின் பெயரை ஸ்காண்டிநேவியக் கவிதைகளில் காண்பீர்கள். நார்ஸ் தேவன் என்று நம்பத் தோன்றும். அவன் 17ஆம் நூற்றாண்டுக் கவிஞர்கள் ரோமானியரின் க்யூபிடுக்கு மாற்றாக ஆக்கிக்கொண்டவன். இரண்டு எட்டாக்களிலும் கிடையாது.

இரண்டாவது, பாதி உண்மை. ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் 1937ஆம் ஆண்டு நாவலான "தி ஹாபிட்"டில் வரும் குள்ளர்களின் பெயர்கள் வோலுஸ்பா பட்டியலிலிருந்து வந்தவை என்பது சரிதான். தோரின், துரின், த்வாலின் மட்டுமல்ல, மந்திரவாதி காண்டால்ஃபின் பெயரும் அங்கே குள்ளர் பெயராகவே இருக்கிறது. ஆனால் பாலின் அந்தப் பட்டியலில் இல்லை. "எல்லாப் பெயரும்" என்று எழுதுவதற்கு முன் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள், அரை மணி நேர வேலைதான்.

மூன்றாவது, சொல் ஒன்றாக இருப்பதாலேயே முடிச்சுப் போடுவது. ஃபோர்செட்டி வழக்குகளைத் தீர்த்துவைக்கும் தேவன். பொன் தூண்களும் வெள்ளிக் கூரையும் கொண்ட க்லிட்னிர் அவனுடைய மன்றம். இன்றைய ஐஸ்லாந்து மொழியில் "ஃபோர்செட்டி" என்றால் குடியரசுத் தலைவர். அழகான பொருத்தம். ஆனால் தலைமை தாங்கி அமர்பவர் என்ற பொருளில் அது சாதாரணச் சொல்லும்கூட. தேவனின் பெயரை எடுத்து ஒரு பதவிக்குச் சூட்டினார்கள் என்று எழுதிவிடாதீர்கள்.

நான்காவது, பெயர் பொறிக்காத கல். ஸ்வீடனின் லுண்ட் நகரிலுள்ள குல்ட்டூரன் அருங்காட்சியகத்தில் ஹுன்னஸ்டாட் கற்கள் உள்ளன. ஒன்றில், பாம்பைக் கடிவாளமாகப் பிடித்து ஓநாய் மேல் ஏறிவரும் பெண். பால்டரின் ஈமக்கப்பலைத் தள்ள வந்த அரக்கி ஹிர்ரொக்கின் இப்படித்தான் வந்தாள் என்று ஸ்னோரி சொல்வதால், கல்லில் இருப்பவள் அவளே என்று பலர் கருதுகிறார்கள். கல்லில் பெயர் இல்லை. "என்று கருதுகிறார்கள்" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள்.

6. பெயர் இன்றைக்கு எங்கே வாழ்கிறது என்று தேடுங்கள்

இதுவும் வீட்டிலிருந்தே செய்யக்கூடியது, செலவில்லை. எந்தப் பட்டியலில் தேடுவது என்று தெரிந்தால் போதும்.

வானத்திலிருந்து தொடங்கலாம். கோள்கள், நிலவுகள், அவற்றின் பள்ளங்கள் ஆகியவற்றின் பெயர்களைச் சர்வதேச வானியல் ஒன்றியம் முடிவுசெய்கிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் பராமரிக்கும் பெயர்ப்பட்டியல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. சனியை எதிர்த்திசையில் சுற்றும் வெளி நிலவுகளுக்கு நார்ஸ் அரக்கர்களின் பெயர்களை வைப்பது வழக்கம். ஸ்காதி, ஹிர்ரொக்கின், சுட்டுங், குன்லோத், ஆங்க்ர்போதா, ஸ்க்ரிமிர் எல்லாரும் அங்கே சுற்றுகிறார்கள். சிகினின் மகன் நார்ஃபியின் பெயரிலும் ஒரு நிலவு உண்டு. வியாழனின் நிலவான அயோவில் சுர்ட் என்ற எரிமலை இருக்கிறது. உலக முடிவில் தீயோடு தெற்கிலிருந்து வரும் அரக்கனின் பெயர் அது. 2001இல் அங்கே நடந்த வெடிப்பு மிகப் பெரியது.

அடுத்தது கடலடி. நார்வேயின் கடலடி வளங்களுக்கான அரசு இயக்ககம் ஒவ்வொரு எண்ணெய், எரிவாயு வயலுக்கும் ஒரு தகவல் பக்கம் வைத்திருக்கிறது. ஓடினின் எட்டுக்கால் குதிரை ஸ்லெய்ப்னிரின் பெயரில் உள்ள வயலில் 1996 முதல் கரியமில வாயுவைக் கடலடிப் பாறைக்குள் செலுத்திச் சேமிக்கிறார்கள். எனக்குப் பிடித்தது ஸ்கிர்னெ வயலின் பக்கம். ஸ்கிர்னிர் என்பவன் விளைச்சலின் தேவனான ஃப்ரேயின் தூதன். அந்த வயலின் இன்னொரு பகுதிக்கு பிக்வெ என்று பெயர். பிக்விர், ஃப்ரேயின் வேலையாள். லோகசென்னாவில் சில செய்யுள்களில் வந்து, எஜமானுக்காகப் பரிந்து பேசி, லோகியிடம் வசவு வாங்குகிறான். அந்தப் பாடலோடு அவன் கதை முடிந்தது. அவ்வளவு சிறிய ஆளைத் தேடி எடுத்து வட கடலின் அடியில் எஜமானின் தூதனுக்குப் பக்கத்தில் வைத்தவர், பாடலை ஊன்றிப் படித்தவராகத்தான் இருக்க வேண்டும்.

பெயர் வைத்தவர் கதையைப் புரிந்துகொண்டு வைத்தாரா, ஒலி பிடித்து வைத்தாரா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். ஐஸ்லாந்துக் கடலோரக் காவல்படை தன் ஹெலிகாப்டர்களுக்கு வைத்த பெயர்களில் எய்ர், க்னா, லீஃப் ஆகியவை உண்டு. ரோந்து விமானத்துக்குத் தோரின் மனைவி சிஃபின் பெயர். எய்ர் தேவியரில் தலைசிறந்த மருத்துவர். க்னா ஃப்ரிக் தேவியின் தூதி, வானிலும் கடலிலும் ஓடும் குதிரை மேல் போகிறவள். அவள் விண்ணில் போவதைப் பார்த்து, அங்கே பறப்பது என்ன என்று கீழிருந்து கேட்கிறார்கள். லீஃப் என்றால் உயிர். உலக முடிவைத் தப்பிப் பிழைக்கும் இருவரில் ஒருத்தி. புயலில் மீனவரைத் தூக்கிவரும் எந்திரத்துக்கு இவற்றைவிடப் பொருத்தமான பெயர் வைக்க முடியுமா?

ஸ்வீடனும் அப்படித்தான் செய்தது. அணு உலைகளில் பயன்படுத்திய எரிபொருளைச் சேமிப்பிடத்துக்குக் கொண்டுசெல்ல 1982இல் கட்டிய கப்பலுக்குச் சிகின் என்று பெயர். நிலத்தில் சிந்தக்கூடாத நஞ்சை ஏந்திச் சென்றவள். மொத்தத் தேடலில் என்னை மிகவும் அசைத்த பெயர் இதுதான். இதே பெயரில் 1887இல் கட்டிய பாய்மரக் கப்பல் ஒன்று ஃபின்லாந்தின் துர்கு நகரில் அருங்காட்சியகமாக நிற்கிறது. தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அறிவியலில் இன்னும் இரண்டு. குடலின் உட்புறப் படங்களை வைத்துக் கணினிக்கு நோய் கண்டறியக் கற்பிக்க நார்வேயில் தொகுத்த படத்தொகுப்புக்கு க்வாசிர் என்று பெயர். ஆஸ்கார்ட் என்று தொகுத்து அழைக்கப்படும் ஆர்க்கியா நுண்ணுயிர்க் குழுக்களில் ஒன்று தேவர்களின் காவலன் ஹெய்ம்டாலின் பெயரைத் தாங்குகிறது.

7. பயணம் போவதானால்: விசாவும் காகிதங்களும்

மேலே சொன்னவை முடிந்த பிறகே பயணத்தை யோசியுங்கள். படிக்காமல் போனால் கல்லும் தெருவும் வாய் திறக்காது.

நார்வே, டென்மார்க், ஜெர்மனி போன்ற ஷெங்கன் நாடு ஒன்றில் வதிவிட அனுமதியோடு வாழ்பவர்களுக்கு விசா வேண்டாம். வதிவிட அட்டையும் கடவுச்சீட்டும் கையில் இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டோடு தாய்நாட்டிலிருந்து புறப்படுபவர்களுக்குக் குறுகிய கால ஷெங்கன் விசா தேவை. ஐஸ்லாந்தும் நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. ஆகவே ஒரே விசாவில் கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஒஸ்லோ, ரேக்யாவிக் நான்கையும் முடிக்கலாம்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம். நாள்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். நேர்காணல் தேதி எங்கே சீக்கிரம் கிடைக்கிறதோ அங்கே விண்ணப்பித்துவிட்டு, தங்குவதை வேறு நாட்டில் வைத்துக்கொண்டால் விண்ணப்பமே சிக்கலாகும்.

எடுத்துவைக்க வேண்டியவை: கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டு, திரும்பும் தேதிக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்லுபடியாகும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ள கடவுச்சீட்டு. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு. போகவர விமான முன்பதிவு, தங்குமிடச் சான்று, வங்கிக் கணக்கு அறிக்கை, வேலை அல்லது படிப்புச் சான்று. இவற்றோடு நாள்வாரியான பயணத் திட்டம் ஒன்றை எழுதி வையுங்கள். "இன்ன நாள் இன்ன அருங்காட்சியகம், இன்ன ஏடு" என்று எழுதியிருந்த என் திட்டத்தைத்தான் அதிகாரி நிதானமாகப் படித்தார். குறிப்பேட்டு வேலை அங்கேயும் உதவியது.

பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கு 45. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் முடியாது. முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், 45 நாள் வரை இழுக்கவும் விதியில் இடமுண்டு. கோடைக்குப் போக நினைத்தால் பிப்ரவரியிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. கடைசிப் படியில் சொல்லப்போகும் இடத்துக்கு அதன் விசாவைத் தனியாக வாங்க வேண்டும்.

8. கோபன்ஹேகனும் ரேக்யாவிக்கும்

கோபன்ஹேகனுக்கு ஒரு நாள் போதும். துறைமுகத்தை ஒட்டிக் கெஃப்யுன் நீரூற்று இருக்கிறது, கட்டணமில்லை. ஆண்டர்ஸ் புண்ட்கோர் செய்து 1908இல் திறந்தது. ஸ்வீடன் மன்னன் கில்ஃபி, ஒரே பகல் இரவில் உழும் அளவு நிலம் தருவதாகச் சொல்ல, கெஃப்யுன் தன் நான்கு மகன்களை எருதுகளாக்கி ஏர் பூட்டி, நிலத்தைப் பெயர்த்து மேற்கே இழுத்துவந்தாள். அதுவே கோபன்ஹேகன் இருக்கும் சேலண்ட் தீவு. சாட்டையை ஓங்கி நிற்கும் தாயையும், மூக்கிலிருந்து நீர் சீறும் எருதுகளையும் சுற்றிவந்து பாருங்கள். நிலம் போன இடத்தில் உண்டான ஏரி வேனர்ன் என்று சிலர் வரைபடத்தைக் காட்டிச் சொல்வார்கள், வடிவம் சேலண்டைப் போலவே இருப்பதால். ஸ்னோரி சொல்வது லோகர், அதாவது இன்றைய மேலரன் ஏரி. நீரூற்றைப் பார்த்துவிட்டு நோரெப்ரோ பகுதிக்குப் போனால் மீமிர், நன்னா, ப்ராகி, ஹெய்ம்டால் பெயர்களில் தெருக்கள் கிடைக்கும்.

ரேக்யாவிக்குக்கு மூன்று நாள் வையுங்கள். செய்யுள் எட்டாவின் முதன்மை ஏடான அரச ஏடு 1270களில் எழுதப்பட்டது. டென்மார்க்கிலிருந்து 1971இல் ஐஸ்லாந்துக்குத் திரும்பியது. இப்போது பல்கலைக்கழக வளாகத்தில் தேசிய நூலகத்துக்கு அருகே, 2023இல் திறந்த "எட்டா" என்ற கட்டடத்தில்தான் ஏடுகள் இருக்கின்றன. பழைய வழிகாட்டிகளில் நகர நடுவிலுள்ள வேறு கட்டடத்தின் பெயர் இருக்கும். நான் ஏமாந்தது அங்கேதான். தோல் ஏடுகளுக்கு வெளிச்சம் ஆகாது, எல்லாவற்றையும் எப்போதும் வெளியே வைக்க முடியாது. நீங்கள் போகும் வாரத்தில் எந்த ஏடு காட்சியில் இருக்கும் என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேளுங்கள். நேரில் பார்க்கும்போது அதன் அளவு உங்களை வியக்க வைக்கும்: 45 தோல் இதழ்கள், உயரம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் 8 இதழ்கள் தொலைந்தே போயின.

அடுத்த நாள் காலை தெருநடை. ஹால்கிரிம்ஸ்கிர்க்யா தேவாலயத்தின் கீழ்ச்சரிவில் உள்ள குடியிருப்பில் தெருக்கள் எல்லாம் தேவர் பெயர்கள். ஓடினுக்கும் தோருக்கும் அங்கே தெருக்கள் உண்டு. நீங்கள் நன்னாவின் தெரு, ப்ராகியின் தெரு, காதலைத் தூண்டும் தேவி ஸ்யோஃப்னின் தெரு, ஹோதின் சந்து என்று தேடிப் போங்கள். மூன்றாம் படியில் எழுதிய நான்கு வடிவங்கள் இங்கே தேவைப்படும், ஏனென்றால் பலகையில் பெயர் வேற்றுமை உருபு ஏற்று மாறியிருக்கும். ஹோத் என்பவன் பலகையில் ஹாதர் ஆகிவிடுவான். இரண்டு மணி நேரம் போதும். டிசம்பரில் போனால் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான், நண்பகலை ஒட்டி நடங்கள்.

அயோவின் எரிமலைக்குப் பெயர் தந்த அதே சுர்ட்டின் தீவுக்கு, அதாவது 1963 நவம்பரில் கடலிலிருந்து எழுந்த சுர்ட்ஸேக்கு, யாரும் அழைத்துப் போவதாகச் சொன்னால் பணம் கட்டாதீர்கள். அங்கே கால்வைக்க ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டுமே அனுமதி. ஹெய்மாயே தீவுக்குப் படகில் போய், அங்குள்ள எல்ட்ஹெய்மர் அருங்காட்சியகத்தில் அதைப் பற்றிய பகுதியைப் பார்க்கலாம். லாண்டெயாஹோஃப்னிலிருந்து படகு சுமார் 40 நிமிடம். கடல் கொந்தளித்தால் வேறு துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். அந்த நாளில் திரும்பும் விமானத்தை வைக்காதீர்கள்.

9. கோஸ்ஃபோர்த்: சிகினைக் கல்லில் பார்க்க

இங்கிலாந்தின் கம்ப்ரியாவில், கோஸ்ஃபோர்த் ஊரின் புனித மேரி தேவாலய வளாகத்தில், திறந்த வெளியில் நிற்கிறது 4.4 மீட்டர் உயரச் சிலுவைக் கல். பத்தாம் நூற்றாண்டுச் சிற்பம். பக்கத்து ரயில் நிலையம் சீஸ்கேல், அங்கிருந்து வாடகை வண்டி எடுங்கள். பேருந்தை நம்பி நாளைத் திட்டமிட வேண்டாம். கட்டணம் கிடையாது.

கல் மெலிந்து உயரமாக இருக்கும். கீழ்ப்பகுதியில் கட்டுண்ட உருவம் ஒன்றையும், அதன் மேல் குனிந்து எதையோ ஏந்தும் பெண்ணையும் தேடுங்கள். இன்னொரு முகத்தில், ஓநாயின் தாடையைக் கிழிக்கும் விதார், ஓடினின் மகன். பெயர் பொறிக்கப்படவில்லை, ஆயினும் இங்கே ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒரே கருத்தில் இருக்கிறார்கள். நடுப்பகல் வெயிலில் சிற்பம் தட்டையாகத் தெரியும், ஒன்றும் புரியாமல் திரும்ப நேரிடும். காலையோ மாலையோ வெளிச்சம் பக்கவாட்டில் விழும் நேரத்தில் போங்கள். மேகமூட்டமாக இருந்தால் ஒரு கைவிளக்கைப் பக்கத்திலிருந்து சாய்த்துக் காட்டினால் கிண்ணத்தின் விளிம்பு எழுந்து நிற்கும். கல்லைத் தொடாதீர்கள்.

சீஸ்கேலுக்குத் திரும்பியதும் ரயிலுக்கு நேரம் இருந்தால் கடற்கரைக்கு நடந்து வடக்கே பாருங்கள். தெரிவது செல்லாஃபீல்ட் அணு வளாகம். கிண்ணம் ஏந்தியவளின் கல்லுக்கும் அதற்கும் நடுவில் சில கிலோமீட்டர்தான்.